நம் இசைச் சங்கத்தின் ஆண்டறிக்கை 2024–25 (பொதுக்குழுக் கூட்டத்தில் செயலாளர் வாசித்தது)

தலைவர் ஐயாவுக்கும், பொருளாளர் அண்ணாச்சிக்கும், செயற்குழுவினருக்கும், இன்று வந்திருக்கிற உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராத உறுப்பினர்களுக்கு இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் வரும். வழக்கம்போலக் கட்டைவிரல் படம் போட்டுவிட்டால் படித்ததாக எடுத்துக்கொள்கிறோம்.

வழக்கமான நிகழ்ச்சிகள் வழக்கம்போல் நடந்தன. ஆகஸ்டில் இசையறிஞர் ஆபிரகாம் பண்டிதர் பிறந்தநாள் கூட்டம். அப்புறம் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வர ஒலிப்பதிவுகளைக் கேட்கும் மாலை ஒன்று. டிசம்பரில் பாதி உறுப்பினர்கள் ஊசிக்கோபுரத் தேவாலயத்துப் பக்கம் கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகைக்குப் போய்விடுவதால் கூட்டம் வைக்கவில்லை. ஜனவரியில் பிள்ளைகளுக்கு வயலின் போட்டி. பரிசைத் தலைவர் ஐயா வழங்கினார்கள்.

இந்த ஆண்டின் முக்கியமான வேலை, இங்கிலாந்தின் பர்மிங்காம் இசைக்குழுவைப் பற்றி நடத்திய கேட்பு வரிசை, அதாவது ஒலிப்பதிவுகளைச் சேர்ந்து கேட்டுப் பேசும் தொடர் கூட்டங்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனென்றால் "நெல்லையப்பர் கோயில்ல கல்தூணே பாடுது, அதை விட்டுட்டு பர்மிங்காம் எதுக்குவே?" என்று செயற்குழுவிலேயே கேட்டார்கள். கேட்டவர் வரிசையில் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

கிறிஸ்தவக் கோயில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர்கள் நம்மில் பலர். ஜெர்மன் இசையமைப்பாளர் மெண்டல்சன் எலியா தீர்க்கதரிசியின் கதைக்கு இசையமைத்த 'எலியா'விலிருந்து ஒரு கோரஸாவது அவர்கள் வாயில் நுழைந்திருக்கும். அது முதன்முதலில் அரங்கேறியது பர்மிங்காம் டவுன் ஹாலில், 1846 ஆகஸ்ட் 26 அன்று. மெண்டல்சனே நின்று நடத்தினார். பர்மிங்காம் நமக்கு அவ்வளவு தூரத்து ஊர் இல்லை என்பதற்கு இது போதும் என்று நினைக்கிறேன்.

அந்த ஊர் சிம்பொனி இசைக்குழு 1920இல் தொடங்கியது. 1980இல் சைமன் ரேட்டில் என்பவரைக் கண்டக்டராக, அதாவது முன்னால் நின்று இசைக்குழுவை நடத்துபவராக, எடுத்தார்கள். லிவர்பூல்காரர், அப்போது வயது 25. நம் சங்கத்தில் அந்த வயதில் ஒருவரை நாற்காலி எடுத்துப் போடத்தான் கூப்பிடுவோம். அவர் 1998 வரை, 18 வருடம், அங்கேயே இருந்தார். பெயரும் புகழும் வந்த பிறகும் இடத்தைக் காலி பண்ணவில்லை. அதற்குள் இங்கிலாந்தின் ஒரு மாகாண இசைக்குழு உலகம் திரும்பிப் பார்க்கிற குழுவாகிவிட்டது. பெர்லின் பில்ஹார்மோனிக் இசைக்குழுவுக்குப் போனதெல்லாம் அப்புறம்தான், 2002இல்.

அவர் இருந்த காலத்திலேயே ஊர் ஒரு அரங்கத்தையும் கட்டிக்கொடுத்தது. 1991 ஏப்ரலில் திறந்த சிம்பொனி ஹால், 2,262 இருக்கை. ஒலியமைப்பைத் திட்டமிட்டவர் அமெரிக்காவின் ரசல் ஜான்சன். கட்டடத்துக்குப் பக்கத்திலேயே சுரங்கத்தில் ரயில் போகிறது. அந்த அதிர்வு உள்ளே வரக்கூடாது என்று கட்டடத்தை ரப்பர் மெத்தைகள் மேல் தூக்கி நிறுத்தியிருக்கிறார்கள். தண்டவாளத்துக்கு அடியிலும் ரப்பர். இதை நான் சொன்னபோது பின்வரிசையிலிருந்து, "அங்க தண்டவாளத்துக்கே ரப்பர் போடுதான், இங்க ரோட்டுக்குத் தார் போட மாட்டேங்கான்" என்று குரல் வந்தது. சரியாக அதே நேரம் திருச்செந்தூர் பாசஞ்சர் நம் மண்டபத்துக்குப் பின்னால் போனது. ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுவென்று ஆடி ஓய்ந்த பிறகுதான் பேச்சைத் தொடர முடிந்தது. எத்தனை படம் காட்டினாலும் இவ்வளவு தெளிவாக விளக்கியிருக்க முடியாது.

இனி விசிறி விவகாரம். இதைப் பற்றி வெளியே பலவிதமாகப் பேசிக்கொள்கிறார்கள், அதனால் நடந்ததை அப்படியே சொல்லிவிடுகிறேன். சிம்பொனி ஹாலில் குளிர்காற்று வருகிற குழாய்களை மிக அகலமாக வைத்திருக்கிறார்கள். அகலமான குழாயில் காற்று மெதுவாக நகரும், மெதுவாக நகர்ந்தால் சத்தம் வராது. நம் மண்டபத்தில் இருப்பவை பழைய விசிறிகள். மூன்றாவது விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு 'டக்' போடும். இசைக்குழு மிகவும் அடங்கி வாசிக்கிற இடத்தில், வயலின்கள் இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்குப் போகும்போது, நமக்குக் கேட்பது அந்த 'டக்' மட்டும்தான். எனவே சித்திரை மாதக் கூட்டத்தில் கடைசிப் பத்து நிமிடம் மட்டும் விசிறிகளை நிறுத்தச் சொன்னேன். முன்கூட்டியே அறிவித்துத்தான் நிறுத்தினேன். வெயில் தெரிந்த விஷயம்தான், எனக்கும் வியர்த்தது. சில உறுப்பினர்கள் எழுந்து வெளியே போனார்கள். போனவர்கள் நேரே வீட்டுக்குப் போகவில்லை, வடை வைத்திருந்த மேஜைக்குப் போனார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் கடைசி வரியில் ஒற்றை ஓபோ என்ற ஊதுகருவி தனியாக மேலே எழுந்து நிற்பதைக் கேட்டார்கள். கேட்டவர்களிடம் விசாரித்துப் பாருங்கள். இதற்காக என்மேல் எழுத்துமூலம் புகார் கொடுத்தவருக்குச் செயற்குழு பதில் அனுப்பிவிட்டது.

வருகையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. முதல் கூட்டத்தில் நாற்காலி போதவில்லை, கடைசிக் கூட்டத்தில் நாற்காலியை அடுக்க ஆள் போதவில்லை. சாந்திநகரிலிருந்தும் சமாதானபுரத்திலிருந்தும் நடந்தே வரக்கூடியவர்கள் வரவில்லை, அம்பாசமுத்திரத்திலிருந்து பஸ் பிடித்து ஒரு பெரியவர் ஒரு கூட்டம் விடாமல் வந்தார்.

சந்தா விஷயமும் ஏறக்குறைய அப்படித்தான். பாதிப் பேருக்கு மேல் பாக்கி. சிலருக்கு மூன்று வருடப் பாக்கி. "அரசாங்கத்துல கேட்டுப் பாருங்களேன்" என்று யோசனை சொல்கிறவர்களுக்கு ஒரு தகவல். பர்மிங்காம் மாநகராட்சி 2023 செப்டம்பரில் தன்னிடம் பணம் இல்லை என்று அறிவித்தது. அப்புறம் இந்த இசைக்குழு உள்பட கலை அமைப்புகளுக்குக் கொடுத்துவந்த மானியத்தை முதலில் பாதியாகக் குறைத்து, பிறகு முழுவதும் நிறுத்த முடிவு செய்தது. ரேட்டில் காலத்தில் அரங்கம் கட்டிக்கொடுத்த அதே மாநகராட்சிதான். அங்கேயே அப்படி என்றால் நம் மனுவை யார் பிரிக்கப் போகிறார்கள்?

வரவு செலவைப் பொருளாளர் அண்ணாச்சி தனியாக வாசிப்பார். மொத்தத்தில் போன வருடத்தைவிட மோசமில்லை. வாடகை, கரண்ட் பில், காப்பி, வடை இவையே பெரும்பகுதி. ஸ்பீக்கர் வாங்கியதில் கொஞ்சம் கூடிவிட்டது, பில் என்னிடம் இருக்கிறது.

ஒத்துழைத்த செயற்குழுவினருக்கும், மைக் செட் தம்பிக்கும், மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கித் தரும் அக்காவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிவுமறைவு இல்லாமல் பேசிவிடலாம். மண்டப உரிமையாளர் இதைக் கல்யாண மண்டபமாக மாற்றி, ஏசி வைத்து, கீழே ஃபால்ஸ் சீலிங் அடிக்கப் போவதாகச் சொல்கிறார். இந்த மண்டபத்தில் வயலின் ஏன் நன்றாகக் கேட்கிறது? உயரமான ஓட்டுக்கூரை, தேக்கு உத்திரம், கனத்த சுவர். நாதம் மேலே போய்ச் சுற்றிவிட்டு வர இடம் இருக்கிறது. பர்மிங்காமில் அந்த இடத்துக்காகவே அரங்கத்தைச் சுற்றிப் பெரிய காலி அறைகள் கட்டி, டன் கணக்கில் எடையுள்ள கான்கிரீட் கதவுகளை வைத்திருக்கிறார்கள். கதவைத் திறந்தால் ஓசை அந்த அறைகளுக்குள்ளும் போய் நீண்டு நிற்கும், மூடினால் சுருங்கும். அவர்கள் கோடிகோடியாகக் கொட்டிச் சம்பாதித்ததை நம் ஊர்க் கொத்தனார் நமக்கு ஓட்டுக்கூரையிலேயே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதற்குக் கீழே அட்டையை அடித்தால் நமக்கு மிஞ்சுவது மூன்றாவது விசிறியின் 'டக்' தான். அதையும் கழற்றிவிடுவார்கள்.

புது அரங்கம் எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. ரேட்டில் 2017இல் லண்டன் சிம்பொனி இசைக்குழுவுக்கு வந்தபோது அங்கும் ஒரு புது அரங்கம் கட்டப் பேச்சு நடந்தது. 2021இல் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். அவரும் 2023இல் மியூனிக்கிற்குப் போய்விட்டார். லண்டனாலேயே முடியாததை நான் உங்களிடம் கேட்கவில்லை. இருக்கிற கூரையை விட்டுவைக்கத்தான் கேட்கிறேன்.

உரிமையாளரிடம் தலைவர் ஐயாவும் நானும் பேசினோம். ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்பணமாகக் கொடுத்தால் சீலிங் வேலையைத் தள்ளிப்போடச் சம்மதித்திருக்கிறார். நன்கொடை எதுவும் வேண்டாம், சந்தா பாக்கி வந்தாலே அந்தத் தொகை ஏறக்குறைய சேர்ந்துவிடும். பெயர்ப் பட்டியல் தயாராக இருக்கிறது. அதை இங்கே வாசிக்கச் சொல்லித் தலைவர் ஐயா வற்புறுத்தினார்கள், நான்தான் வேண்டாம் என்றேன். அடுத்த பொதுக்குழுவில் என்ன சொல்வேன் என்று தெரியாது.

செயலாளர் பொறுப்புக்கு வேறு யாராவது முன்வந்தால் மண்டபச் சாவியைச் சந்தோஷமாகக் கொடுத்துவிடுகிறேன். விதிப்படி, போட்டியிடுகிறவரும் கை தூக்குகிறவரும் நடப்பு ஆண்டு சந்தா கட்டியிருக்க வேண்டும். பொருளாளர் அண்ணாச்சி வாசல் பக்கத்து மேஜையில் ரசீது புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார். ஜிபே செய்பவர்களும் ரசீது வாங்கிக்கொண்டு போகவும். வடை அந்த மேஜைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.