தலைவர் நாற்காலியில் வேறொருவர் உட்காரட்டும்

பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபியின் தலைவர் அவர்களுக்கும் வாரிய உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வு பெற்றவன். ஏழெட்டு நிறுவனங்களில் கொஞ்சம் கொஞ்சம் பங்கு வைத்திருக்கிறேன். ஆண்டறிக்கை வந்தால் கடைசிப் பக்கம் வரை படிப்பேன். பொதுக்கூட்டங்கள் இணையவழிக்கு மாறிய பிறகு, பெயர் பதிந்து கேள்வியும் கேட்கிறேன்.

அப்படி ஒரு கூட்டத்தில், லாபம் குறைந்த ஆண்டில் நிர்வாக இயக்குநரின் சம்பளம் ஏன் ஏறியது என்று கேட்டேன். பதில் சொன்னவர் அந்த நிர்வாக இயக்குநரேதான். இயக்குநர் குழுவின் தலைவராகக் கூட்டத்தை நடத்தியவரும் அவரே. இரண்டு வரி சொல்லிவிட்டு அடுத்த பங்குதாரரைக் கூப்பிட்டார். அன்று முதல் இந்த மடல் மனதில் இருக்கிறது.

இதைச் சரிசெய்ய நீங்களே ஒரு விதி கொண்டுவந்தீர்கள். நிறுவன நிர்வாகத்தைச் சீர்செய்ய நீங்கள் அமைத்த உதய் கோட்டக் குழுவின் 2017 அறிக்கைக்குப் பிறகு, சந்தை மதிப்பில் முதல் 500 நிறுவனங்களில் தலைவரும் நிர்வாக இயக்குநரும் வெவ்வேறு ஆட்களாக இருக்க வேண்டும், இருவரும் உறவினராக இருக்கக் கூடாது என்றீர்கள். 2020 ஏப்ரல் என்ற கெடு 2022 ஏப்ரல் ஆனது. அந்தத் தேதி வருவதற்குள், 2022 பிப்ரவரியில், விரும்பினால் செய்யலாம் என்று தளர்த்திவிட்டீர்கள். 2021 டிசம்பர் கணக்குப்படி அந்த 500-ல் 54 சதவீத நிறுவனங்கள்தான் பின்பற்றின என்றீர்கள். பாதிப் பேர் செய்யவில்லை என்றால் கெடுவை நீட்டலாம், விதியையே விட்டுவிடலாமா?

உறவினர் கூடாது என்ற பகுதிதான் எனக்கு முக்கியம். சத்யம் என்ற கணினி மென்பொருள் நிறுவனத்தில் இரண்டு பதவியிலும் வேறு வேறு ஆட்கள்தான் இருந்தார்கள்: தலைவர் ராமலிங்க ராஜு, நிர்வாக இயக்குநர் அவர் தம்பி ராம ராஜு. குடும்பத்தாரின் இரண்டு மேட்டாஸ் நிறுவனங்களை 160 கோடி டாலருக்கு வாங்க 2008 டிசம்பர் 16 அன்று இயக்குநர் குழு ஒப்புதல் தந்தது. முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்ததால் சில மணி நேரத்திலேயே கைவிட்டார்கள். மூன்று வாரம் கழித்துத்தான் கணக்கு மோசடி வெளியே வந்தது. வெளியாட்கள் தடுத்ததை உள்ளே இருந்தவர்கள் தடுக்கவில்லை.

நிர்வாக இயக்குநரின் வேலையும் இன்று பழைய மாதிரி இல்லை. உற்பத்தி, விற்பனை, வங்கிக் கடன் என்று முன்பு இருந்தது. இப்போது வாடிக்கையாளர் தரவு, இணையத் தாக்குதல், கரிம உமிழ்வு எல்லாமே அவர் தலையில். முதல் 1000 நிறுவனங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு அறிக்கை தர வேண்டும் என்று நீங்களே கட்டாயமாக்கியிருக்கிறீர்கள். பொறுப்பு இவ்வளவு கூடிய பிறகு, எதிரே உட்கார்ந்து கேள்வி கேட்க ஓர் ஆள் வேண்டாமா?

குடும்ப நிறுவனங்களின் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் நிறுவனத்தை நடத்தும் நாற்காலி அவர்களிடமேதான் இருக்கப்போகிறது.

விதியைப் படிப்படியாகவாவது திரும்பக் கொண்டுவாருங்கள். முதலில் 100 நிறுவனங்கள், அப்புறம் 500. அதுவரை, இரண்டு பதவியையும் ஒருவரே வைத்திருக்கும் நிறுவனம் அதற்கான காரணத்தை ஆண்டறிக்கையில் எழுத வேண்டும், அதன் மேல் சிறு பங்குதாரர்கள் தனியாக வாக்களிக்க வேண்டும். அவ்வளவு செய்தால்கூட அடுத்த கூட்டத்தில் என் கேள்விக்கு ஒரு மதிப்பு இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு சிறு பங்குதாரர்