அந்தப் பல்லைப் பிடுங்க அவசரப்படாதே

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. பேத்திக்குப் பெயர் வைத்த செய்தியைப் படித்து வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். கடைவாய்ப்பல் ஆடுகிறது, எலும்பு கரைந்துவிட்டதால் பிடுங்கிவிட்டு இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கைப் பல்) வைக்கச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்ததிலிருந்து மனசு கேட்கவில்லை. கொஞ்சம் பொறு. போன வருஷம் எனக்கும் இதே கதைதான். அந்தப் பல் இன்னும் வாயில் இருக்கிறது, அதில்தான் முறுக்குக் கடிக்கிறேன்.

எலும்பு எந்த வடிவத்தில் கரைந்திருக்கிறது என்று முதலில் கேள். எல்லாப் பல்லைச் சுற்றியும் ஒரே மட்டமாக இறங்கியிருந்தால் மீண்டும் வளர்ப்பது கடினம். ஒரு வேரை ஒட்டிக் குழி விழுந்து, சுற்றிலும் எலும்புச் சுவர் மிச்சமிருந்தால் நல்ல வாய்ப்பு உண்டு. எக்ஸ்ரேயை எடுத்துக்கொண்டு ஈறு சிகிச்சைக்கென்றே படித்த மருத்துவரிடம் போ.

சுத்தம் செய்தால் போதாதா என்று நானும் கேட்டேன். ஈறின் மேல்தோல் செல்கள் வேகமாக வளர்ந்து, வேரை ஒட்டிக் கீழே இறங்கி இடத்தைப் பிடித்துவிடுமாம். பல்லை எலும்போடு பிணைக்கும் நார்த்திசுவுக்கு அந்த வேகம் கிடையாது. 1982இல் ஸ்வீடனின் ஸ்டூரே நைமன், யான் லிண்டே குழுவினர் ஒரு நோயாளியின் ஈறுக்கும் வேருக்கும் நடுவே மெல்லிய தடுப்பு ஒன்றை வைத்தார்கள். மேல்தோல் உள்ளே வரமுடியாமல் போக, வேரின்மேல் புதிய நார்ப்பிணைப்பு உருவாகியிருந்தது. இன்று அந்த இடத்தில் தானாகவே கரைந்துவிடும், கொலாஜன் என்ற புரதத்தால் ஆன சவ்வை வைக்கிறார்கள். எனக்கு இதைக் கேட்டதும்தான் நம்பிக்கையே வந்தது.

எனக்கு இந்தச் சிகிச்சை செய்த அன்று, என் கையிலிருந்து கொஞ்சம் ரத்தம் எடுத்து, ஒரு சுழலும் இயந்திரத்தில் வைத்தார்கள். குழாய்க்குள் மஞ்சளாக ஒரு ஜெல்லி திரண்டிருந்தது. மரத்துப்போக ஊசி போட்டு, ஈறை விலக்கி, வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்து, அந்த ஜெல்லியை எலும்புத் துகளோடு கலந்து குழியில் நிரப்பி, மேலே சவ்வை மூடித் தையல் போட்டார்கள். வலி தாங்கக்கூடியதுதான். முகம்தான் இரண்டு மூன்று நாள் வீங்கிக் கிடந்தது. தையல் பிரிக்கும்வரை அந்தப் பக்கம் பிரஷ் படக்கூடாது, மருந்துத் தண்ணீரில் கொப்பளிக்க மட்டும்தான்.

கரைந்த எலும்பு மொத்தமும் திரும்பிவிடும் என்று எண்ணாதே. ஈறு பல்லைவிட்டு விலகி உண்டாகும் பள்ளத்தைப் பை என்பார்கள்; எனக்கு 8 மில்லிமீட்டர் ஆழமிருந்த பை இப்போது 4 ஆகியிருக்கிறது. எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியவே ஆறு மாதத்துக்கு மேல் ஆனது.

அப்புறம், உன் சுகர். அது கட்டுக்குள் இல்லாவிட்டால் இந்தச் சிகிச்சை சரியாகப் பிடிக்காது, அதை முதலில் பார். அறுவைக்கு முன் ஈறுக்கடியில் ஆழமாகப் பற்காரையை எடுத்துவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி அளந்து பார்ப்பார்கள். அதிலேயே பை குறைந்து அறுவை தேவைப்படாமல் போவதும் உண்டு.

செலவு யோசனையாக இருந்தால் சென்னைக்கு வா. கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நானே கூட்டிப் போகிறேன். நம் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம். எந்த வாரம் தோதுப்படும் என்று எழுது.

அன்புடன்,
சரோஜா