ஐந்து 'லைக்வைஸ்'

அன்புள்ள மகளுக்கு,

உன் ஆங்கில விண்ணப்பக் கடிதத்தின் வரைவைப் படித்தேன். நடை தெளிவு, உன் கையெழுத்து போட்ட கடிதம் வேறு எப்படி இருக்கும்! ஆனால் ஒரே பக்கத்தில் ஐந்து 'லைக்வைஸ்' (likewise, அதேபோல). நான்கை எடுத்துவிடு.

'இன் லைக் வைஸ்' என்ற பழைய தொடர் சுருங்கி வந்த சொல் இது. 'வைஸ்' இங்கே அறிவு இல்லை, விதம். 'அதர்வைஸ்', 'க்ளாக்வைஸ்' எல்லாவற்றிலும் அதேதான். ஆகவே முன் வாக்கியமும் பின் வாக்கியமும் ஒரே விதமாக நடக்க வேண்டும். "முதல் வேலையில் கணக்குப் பிரிவைச் சீரமைத்தேன், லைக்வைஸ், இரண்டாவதில் கொள்முதல் பிரிவை" என்பது பொருந்துகிறது. "பிரெஞ்சு தெரியும், லைக்வைஸ், உடனே சேர முடியும்" என்பதில் என்ன ஒப்புமை? அங்கே 'ஆல்ஸோ' போதும். உடனே சேர அப்படி என்ன அவசரம் என்று நான் கேட்கவில்லை.

அது இணைப்புச் சொல்லும் இல்லை, வினையடை. வெறும் காற்புள்ளி போட்டு இரண்டு முழு வாக்கியங்களை அதால் ஒட்டாதே. முன்னால் முற்றுப்புள்ளி அல்லது அரைப்புள்ளி, பின்னால் காற்புள்ளி. 'ஷி லைக்வைஸ் டிக்ளைன்ட்' என்று நடுவில் வந்தால் எதுவும் வேண்டாம்.

'சிமிலர்லி' (similarly, ஒத்த விதமாக) எல்லா இடத்திலும் இதற்கு மாற்று ஆகாது. விலை ஏறக்குறைய ஒன்று என்றால் 'சிமிலர்லி பிரைஸ்ட்'. அங்கே 'லைக்வைஸ்' வராது. 'டூ லைக்வைஸ்' (do likewise, அப்படியே செய்) என்பதில் 'சிமிலர்லி' ஒட்டாது. மூன்றாம் பத்தியில் 'வொர்க்ஸ் சிமிலர் டு' என்று இருக்கிறது. 'சிமிலர்லி டு' என்று மாற்று. வெறும் 'லைக்' இன்னும் நல்லது.

பேச்சில், "சந்தித்ததில் மகிழ்ச்சி" என்றவருக்கு 'லைக்வைஸ்' சொன்னால் 'எனக்கும் அப்படியே' என்று ஆகும். சொன்னவரின் உணர்வைத் திருப்பித் தரும் சொல் அது. கேள்விக்குப் பதில் ஆகாது. "ராத்திரி தூங்குகிறாயா, உடம்பைப் பார்த்துக்கொள்" என்று அம்மா அனுப்பியதற்கு நீ அந்த ஒற்றைச் சொல்லைத்தான் அனுப்பியிருக்கிறாய். பாதிக்குத்தான் அது பதில். தூக்கம் உண்டா இல்லையா என்று அவளுக்கு எழுது.

ஐந்தில் நான்கு, மறக்காதே. கணக்குப் பிரிவு வாக்கியத்தில் உள்ளது மட்டும் இருக்கட்டும். திருத்தியதை அனுப்பு. இப்போதைய வேலையில் கடைசி நாள் முடிவாகிவிட்டது என்றால் அந்தத் தேதியையும் சேர்த்து எழுது.

அப்பா