மேகம் எழும்புமுன்

கர்த்தருக்குள் அன்பான மகனுக்கு, அப்பா எழுதுகிறேன்.

வனாந்தரத்தில் இஸ்ரவேலருக்குக் கர்த்தர் வழிகாட்டிய மேகஸ்தம்பம் போல ஏதாவது தெளிவாகத் தெரிந்தால்தான் அடுத்த வேலையைப் பற்றி யோசிப்பேன் என்று எழுதியிருந்தாய். வேதாகமத்தில் எண்ணாகமம் 9, 10 அதிகாரங்களைச் சேர்த்து நிதானமாக வாசி, ஐயா.

மேகம் இரண்டு நாள் தங்கினாலும், ஒரு மாதம் தங்கினாலும், ஒரு வருஷமே தங்கினாலும் ஜனங்கள் பாளயத்தை விட்டு அசையவில்லை. ராத்திரியில் எழும்பினாலோ அந்நேரமே புறப்பட வேண்டும். லட்சக்கணக்கான பேர், ஆடுமாடுகள், கூடாரங்கள். ஒழுங்கு முன்னமே இல்லாவிட்டால் இருட்டில் எல்லாம் குழம்பியிருக்கும். அதனால்தான் இரண்டு வெள்ளிப் பூரிகைகள், அதாவது ஊதுகுழல்கள். ஒன்றை ஊதினால் தலைவர்கள் மட்டும் வர வேண்டும். இரண்டையும் ஊதினால் சபை முழுவதும். பெருந்தொனியாய் முழக்கினால் கிழக்கே இறங்கிய யூதா கோத்திரத்தின் பாளயம் முதலில் கிளம்பும். இரண்டாம் முழக்கத்துக்குத் தெற்கே இருந்த ரூபனின் பாளயம்.

சுமை வரிசையைக் கவனி, எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. யூதாவுக்குப் பின்னே, லேவி கோத்திரத்தாரில் கெர்சோன் புத்திரர் 2 வண்டிகளில் வாசஸ்தலம் என்னும் ஆராதனைக் கூடாரத்தின் திரைகளையும், மெராரி புத்திரர் 4 வண்டிகளில் பலகைகளையும் தூண்களையும் கொண்டுபோவார்கள். பரிசுத்த பொருள்களைத் தோளில் சுமக்கும் லேவியரான கோகாத் புத்திரர் ரூபனுக்குப் பிறகுதான். ஏன் தெரியுமா? அவர்கள் வந்து சேரும்போது வாசஸ்தலம் நிறுத்தப்பட்டு ஆயத்தமாயிருக்க வேண்டும். முன்பின் மாறினால் தோளில் சுமையோடு நிற்க வேண்டியதுதான்.

மேகம் முன்னே போகும்போதே மோசே தன் மனைவி வழி உறவினனான ஓபாபைப் போகாதிரும் என்று கெஞ்சுகிறான். வனாந்தரத்தில் பாளயமிறங்கத் தகுந்த இடங்கள் அவனுக்குத் தெரியும், அவன் தங்களுக்குக் கண்களைப்போல இருக்க வேண்டும் என்கிறான். இதை அவிசுவாசம் என்று கர்த்தர் கடிந்துகொண்டதாக எங்கும் இல்லை. உன் துறையில் அனுபவமுள்ள பெரியவர்களிடம் கேட்கத் தயங்காதே.

கர்த்தர் வானத்திலிருந்து கொடுத்த உணவாகிய மன்னாவும் அப்படித்தான், ஜனங்களும் தங்கள் பங்கைச் செய்ய வேண்டும். தலைக்கு ஒரு ஓமர், ஏறக்குறைய 2 லிட்டர். வெயில் ஏறுமுன் பொறுக்க வேண்டும், ஏறினால் உருகிவிடும். பிறகு ஏந்திரத்தில் அரைத்தோ உரலில் இடித்தோ அப்பம் சுட வேண்டும். மறுநாளைக்கு வைத்தால் புழு பிடித்து நாறும். ஆறாம் நாளில் சேர்த்த இரண்டு ஓமர் மட்டும் கெடாது.

சீனாயில் ஏறக்குறைய ஒரு வருஷம் தங்கினார்களே, அந்தக் காலத்தில்தான் வாசஸ்தலத்தைச் செய்து முடித்தார்கள். யுத்தத்துக்குப் போகத்தக்க 6,03,550 ஆண்களை எண்ணி, கோத்திரம் கோத்திரமாக அணிவகுத்தார்கள். இரண்டாம் வருஷம் இரண்டாம் மாதம் 20ஆம் தேதி மேகம் எழும்பியபோது எல்லாம் தயார்.

காதேசில்தான் கெட்டது. சீனாயாகிய ஓரேபிலிருந்து 11 நாள் பயண தூரம். வேவுகாரர் கானான் தேசத்தைப் பார்த்து வந்தபின், கர்த்தர் போ என்றபோது பயந்து மறுத்தார்கள். மறுநாள் உடன்படிக்கைப் பெட்டியும் மோசேயும் பாளயத்திலேயே இருக்க, தாங்களாக மலையேறி ஓர்மா என்னும் இடமட்டும் முறியடிக்கப்பட்டார்கள். வேவு பார்த்த 40 நாளுக்கு நாளுக்கு ஒரு வருஷம் என்று 40 வருஷம் அலைந்தார்கள்.

ஆகையால் மேகம் எழும்புமுன்னே சான்றிதழ்களை ஒழுங்குபடுத்து, விண்ணப்பங்களை எழுதி வை. ஜெபத்தையும் விடாதே. அம்மா உன் பதிலை எதிர்பார்த்திருக்கிறாள்.

அன்புடன்,
அப்பா