சுவரையே நகர்த்தினாங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம். பழைய தியேட்டர கச்சேரி ஹாலா மாத்தணும்னா திரையக் கழட்டிட்டு சீட்டு மாத்துனா போதும்னு சொல்றவங்க அமெரிக்காவுல மில்வாக்கி கதைய ஒருதடவ கேக்கணும். அங்க வார்னர் தியேட்டர் 1930-ல கட்டுனது, லாபி ஆர்ட் டெகோங்கற அந்தக்கால அலங்கார பாணி, உள்ள அரங்கம் பிரெஞ்சு பாணி, அப்பல்லாம் படம் பாக்க வர்றவன ராஜா மாதிரி நடத்துனாங்கபோல. 1995-ல மூடுனது, வருஷக்கணக்கா சும்மாவே கெடந்துச்சு. கடைசில அந்த ஊரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா (பெரிய மேற்கத்திய இசைக்குழு) அத வாங்குச்சு, ஆனா மேடையில ஆழம் பத்தல, மொத்த ஆர்கெஸ்ட்ராவும் செல்லோ, டிரம்ஸ்னு எங்கதான் உக்காரும்? பின்சுவர இடிக்கவும் மனசில்ல, பாரம்பரியக் கட்டடமாச்சே. அதனால 2019-ல 600 டன்னுக்கு மேல இருக்குற அந்தச் சுவர அப்டியே தெருப்பக்கம் சுமார் 35 அடி தள்ளி வெச்சுட்டாங்க, செங்கல்லு கலையாம! 2021-ல ஜனங்க உள்ள வந்து கச்சேரி கேட்டாங்க. செலவு அதிகம்தான், இல்லேங்கல. ஆனா புதுசா கண்ணாடிப் பெட்டி ஒண்ணு கட்டிருந்தா அந்த லாபி கெடைக்குமா? இடிக்கிறதுக்கு முன்னாடி இன்ஜினியர ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கலாமே.

– ஒரு வாசகர்