பவுனுக்கு இந்த வருஷம் ஓய்வு

ஏற்காடு
16.11.2025

அன்புள்ள குமரேசா,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. மூன்று நாளாக விடாத மழை, மலை முழுக்கப் பனிமூட்டம். வேலியோரத்து சில்வர் ஓக் மரம்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. காப்பிப் பழம் சிவக்க ஆரம்பித்துவிட்டது, பறிக்க ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. நீ சென்னையில் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டாள், நானும் ஆமாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். மே மாதம் முட்டையிட்ட உன் பால் பைத்தான் பாம்பு மைனா இப்போது 1,500 கிராமைத் தாண்டிவிட்டாள், மறுபடி ஆணோடு விடலாமா என்று கேட்டிருந்தாய். என்னைக் கேட்டால் வேண்டாம் என்பேன். என் பவுனு 1,690 கிராம் இருக்கிறாள். அவளையே இந்த வருஷம் விடப்போவதில்லை.

அந்த 1,500 கணக்கு எல்லாரும் சொல்வதுதான், தப்பில்லை. ஆனால் அது முதல் ஈத்துக்குச் சொல்கிற கணக்கு. மூன்று வயசாகி, 1,500 கிராமும் வந்த இளம்பெண்ணை ஆணோடு விடலாம் என்பதற்கு அது ஒரு வாசல். ஒருமுறை முட்டையிட்டு எழுந்தவளுக்கு அந்த அளவு பொருந்தாது. போன ஈத்துக்கு முன்னால் அவள் எவ்வளவு இருந்தாளோ, அந்த எடைதான் அவளுக்கு அளவு. பவுனு போன நவம்பரில் ஆணோடு சேரும்போது 1,980 இருந்தாள். ஏப்ரலில் முட்டையிடுவதற்கு முன் 2,050. ஆறு முட்டை வைத்து, நான் அவளைக் கையில் தூக்கியபோது 1,410. அதாவது உடம்பில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவாக ஒரே நாளில் வெளியே போயிருக்கிறது. அதில் இதுவரை 280 கிராமை மீட்டிருக்கிறாள். பழைய நிலைக்கு இன்னும் 290 பாக்கி. அந்தப் பாக்கியை வைத்துக்கொண்டு அவளிடம் இன்னொரு ஈத்து கேட்க எனக்கு மனசு வரவில்லை.

2022-ல் நான் செய்ததை உனக்கு முழுசாகச் சொன்னதில்லை. அந்த வருஷம் முதல் ஈத்தில் ஐந்து முட்டை, ஐந்தும் பொரித்தன. அந்தச் சந்தோஷத்தில், நவம்பரில் தராசு 1,510 காட்டியதும் மறுபடி ஆணோடு விட்டுவிட்டேன். 2023-ல் அடுத்த ஈத்தில் ஆறு வந்தது. மூன்று நல்ல முட்டை, மூன்று மஞ்சளாகச் சுருங்கிய கூமுட்டை. நல்லதிலும் இரண்டுதான் பொரித்தன. அதையாவது தாங்கிக்கொள்ளலாம். பவுனு 1,020-க்கு வந்துவிட்டாள். மூன்றரை மாதம் எலியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதுகெலும்பு கத்தி முனை மாதிரித் தெரிந்தது. ராத்திரி எழுந்து போய் அவள் இருக்கிற டப்பைத் திறந்து மூச்சு விடுகிறாளா என்று பார்த்த நாட்கள் உண்டு. 2024 நவம்பர் வரை ஓய்வு கொடுத்த பிறகுதான் பழையபடி உருண்டாள். இந்த ஆறு முட்டையும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

இந்தப் பாம்பு முட்டைக்கான சத்தை முட்டை உருவாகும் சமயத்தில் தின்று சேர்ப்பதில்லை, குமரேசா. முன்பே கொழுப்பாகச் சேர்த்துவைத்ததை எடுத்துத்தான் கருவை வளர்க்கிறது. கரு பெரிதாகும் காலத்தில் பல பெண்கள் சாப்பாட்டையே நிறுத்திவிடுவார்கள். முட்டையிட்டபின் அதைச் சுற்றிக்கொண்டு அடைகாத்தால் இன்னும் இரண்டு மாதம் பட்டினி. நம் காட்டு மலைப்பாம்பாவது உடம்பை நடுக்கி நடுக்கி முட்டைக்குச் சூடு கொடுக்கும். இவள் நடுக்கமாட்டாள், ஈரம் போகாமல் இறுகச் சுற்றிப் படுத்திருப்பாள், அவ்வளவுதான். மேற்கு ஆப்பிரிக்காவில், கானா, டோகோ, பெனின் பக்கம் எலிவளையிலும் கறையான் புற்றிலும் இருக்கிற இதன் சொந்தக்காரர்களிலும் எல்லாப் பெண்ணும் வருஷா வருஷம் முட்டையிடுவதில்லை. உடம்பு தேறாதவள் அந்த வருஷத்தைச் சும்மா விட்டுவிடுகிறாள். நம் டப்பில்தான் நாம் ஆணைக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்துக் கட்டாயப்படுத்துகிறோம்.

எடையைப் பற்றி இன்னொன்று. தராசை மட்டும் நம்பாதே. நேற்றுத் தின்ற எலி இருநூறு கிராம் ஏற்றிக் காட்டும், கழிக்காத கழிவு இன்னொரு ஐம்பது. நான் வாரம் ஒருநாள், இரை கொடுப்பதற்கு முன்னால், கழித்த பிறகு மட்டும் நிறுத்து நோட்டில் எழுதுகிறேன். ஒரு வாரத்து எண்ணைப் பார்த்து எதுவும் முடிவு செய்வதில்லை, எட்டு வாரம் சேர்ந்து ஏறுகிறதா என்றுதான் பார்ப்பேன். அப்புறம் கையால் தொட்டுப் பார். நடு உடம்பை உள்ளங்கையில் வைத்தால் அடி அகன்று, முதுகு மேலே மெல்ல வளைந்து நிறைந்திருக்க வேண்டும். முதுகெலும்பு தனியாக எழும்பி இரண்டு பக்கமும் சதை சரிந்திருந்தால் எண் என்ன சொன்னாலும் அவள் தேறவில்லை. விலாப்பக்கம் தோல் தளர்ந்து மடிப்பு விழுகிறதா, வால் தொடங்கும் இடம் சதைப்பிடிப்பாக இருக்கிறதா, ஒட்டியிருக்கிறதா என்பதையும் பார். பவுனுக்கு விலாவில் இன்னும் அந்த மடிப்பு இருக்கிறது. என் முடிவுக்கு எடையைவிட அதுதான் பெரிய காரணம்.

சாப்பாடும் முக்கியம். முட்டையை எடுத்த அன்றே அவளை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினேன், டப்பையும் தேய்த்துக் கழுவி அடியில் போடுவதை மாற்றினேன். முட்டை வாசனை இருக்கிறவரை அவள் அடைகாக்கிற நினைப்பிலேயே இருப்பாள். ஒன்பதாம் நாள் சின்ன எலி ஒன்றை எடுத்துக்கொண்டாள். எடுத்த எடுப்பில் பெரிய எலி கொடுக்காதே, காய்ந்த குடலுக்கு அது பாரம். இரண்டு மூன்று சின்னதாகக் கொடுத்து, செரித்து ஒழுங்காகக் கழிக்கிறாளா என்று பார்த்துவிட்டு ஏற்று. இரண்டு மூன்று மாதம் ஒரு இரையும் தவறாமல் எடுத்துக்கொண்டால்தான் தேறிவிட்டாள் என்று நான் ஒத்துக்கொள்வேன். அவசரமாகக் கொழுக்க வைக்கவும் கூடாது. வெறும் கொழுப்பு ஏறின பாம்புக்கு முட்டை சிக்கிக்கொள்ளும் அபாயம் அதிகம்.

அப்படியும் சந்தேகமாக இருந்தால் பாம்பு பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரிடம் ஸ்கேன் எடுத்துப் பார். கரு வளர்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மைனா தயாராகும்போது அவளே காட்டுவாள். சூடான மூலையை விட்டுக் குளிர்ந்த பக்கம் போய்த் தண்ணீர்க் கிண்ணத்தைச் சுற்றிக்கொள்வாள், சில நாள் வயிறு மேலே பார்க்கப் புரண்டு படுப்பாள். ஆனால் இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் அவசரப்படாதே. உடம்பு தேறாதவளும் சில சமயம் இப்படிக் காட்டுவாள். முதலில் உடம்பு, அப்புறம்தான் அறிகுறி.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ராத்திரிச் சூட்டைக் கொஞ்சம் இறக்குவது இணை சேர்க்கிறவர்களின் வழக்கம். ஏற்காட்டுக் குளிர் அதை என்னைக் கேட்காமலே செய்துவிடும். மழையில் கரண்ட் போனால் ஒரு மணி நேரத்தில் டப் சில்லிட்டுப்போகிறது. அதனால் சூட்டுப்பாயை இன்வெர்ட்டரில் மாட்டி, படுக்கும் இடம் 31 டிகிரி, மற்ற பக்கம் 27-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். ஆணைத் தனி அறைக்கு மாற்றியாகிவிட்டது. அவன் மூன்று வாரமாக இரை எடுக்கவில்லை, சீசன் வந்ததை மோப்பம் பிடித்துவிட்டான். பாவம், அவன் பட்டினிதான்.

பவுனை ஓய்வில் விட்டேன் என்றதும் அம்மா ஆச்சரியப்படவே இல்லை. "கன்னு போட்ட மாடு முதல்ல கத்தினா காளைக்கு ஓட்டுவாங்களா? அந்தப் பருவத்த விட்டுட்டு அடுத்ததுக்குத்தான் ஓட்டுவாங்க" என்றாள். பிறகு ஜன்னலைக் காட்டினாள். 2023-ல் கிளை ஒடியக் காய்த்த அந்த மேட்டுக் காப்பிச் செடிகள் ஞாபகம் இருக்கிறதா? நீ போட்டோகூட எடுத்தாய். அடுத்த வருஷம் நுனிக்கிளைகள் காய்ந்து, இலை உதிர்ந்து, பழமே இல்லாமல் நின்றன. இந்த வருஷம்தான் மறுபடி பூத்துக் காய் பிடித்திருக்கின்றன. இதே அம்மாதான் முதன்முதலில் 'பால் பைத்தான்' என்ற பெயரைக் கேட்டுவிட்டு நாகபஞ்சமிக்குக் கிண்ணத்தில் பால் வைத்தவள். பந்து மாதிரிச் சுருண்டு தலையை உள்ளே ஒளித்துக்கொள்வதால் வந்த பெயர் என்று சொல்லிப் புரியவைக்க ஒரு வாரம் ஆயிற்று. இப்போது பவுனு நோட்டைத் தினமும் கேட்பது அவள்தான்.

மைனாவின் பதிவு முடிந்ததா? 2020-ல் வெளிநாட்டு விலங்கு வைத்திருப்பவர்கள் தாமாகத் தெரிவிக்கலாம் என்று அரசு சொன்னபோது நான் பவுனைப் பதிந்தேன், 2024 விதிகள் வந்தபின் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் தளத்தில் மறுபடியும் பதிந்தேன். குட்டிகள் பிறந்ததையும் தெரிவித்தாக வேண்டும். உன் மே மாதத்துக் குட்டிகளைப் பற்றி நீ ஒன்றுமே எழுதவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

மே மாதத்திலிருந்து எழுதிவைத்த எடைகளை அனுப்பு, போன ஈத்துக்கு முன்னால் இருந்த எடையும் வேண்டும். நடு உடம்பை மேலிருந்தும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்து அனுப்பு. எழுதிவைக்கவில்லை என்றால் இந்த வாரமே ஆரம்பி. அடுத்த வருஷ நவம்பரில் இரண்டு பேரும் ஒன்றாக முடிவு செய்வோம்.

பொங்கலுக்குச் சேலம் வருவதாகச் சொன்னாயே, நிச்சயமா? வந்தால் தட்டுவடை செட் நாலு பொட்டலம் வாங்கிக்கொண்டு மலை ஏறு, இருபது கொண்டை ஊசி வளைவு தாண்டுவதற்குள் நொறுங்கிவிடும், மடியில் வைத்துக்கொள். அம்மா அதில் கேரட் அதிகம் போடச் சொல்வாள்.

அன்புடன்,
ரவி