பிச்சையாக்கள் குறைந்த கதை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் சராசரி ஆயுள் பற்றிச் சென்ற மாதம் தாங்கள் வெளியிட்ட கட்டுரையையும், அதையொட்டி வந்த இரண்டு வாசகர் கடிதங்களையும் படித்தேன். ஒருவர், "1970களில் நம் ஆட்கள் ஐம்பது வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள்" என்கிறார். இன்னொருவர், கம்பங்கூழ் குடித்த தன் ஆச்சி 91 வயது வரை திடமாக இருந்தாள், ஆகவே கணக்கே பொய் என்கிறார். இரண்டு பேருமே சிறு வயதிலேயே செத்துப்போன பிள்ளைகளை மறந்துவிட்டார்கள். அம்பாசமுத்திரம் பக்கம் கிராம நிர்வாக அலுவலராக இருந்து, பிறப்பு இறப்புப் பதிவேட்டை 26 வருஷம் கைப்பட எழுதியவன் நான். அதனால் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த ஊர்களில் பிறப்பு இறப்பை எண்ணும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டத்தின் கணக்குப்படி 1970-75ல் தமிழ்நாட்டில் பிறந்த பிள்ளையின் சராசரி ஆயுள் 49.6 வருஷம். 2014-18ல் அது 72.1. சரி, 49.6 என்றால் எல்லாரும் ஐம்பதை ஒட்டிச் செத்தார்கள் என்றா அர்த்தம்? பத்துப் பிள்ளைகளில் இரண்டு பால்குடி மறக்குமுன் போய்விட்டன, மீதி எட்டும் 65 வரை இருந்தன என்று வையுங்கள். சராசரி 52 வரும். ஆனால் அந்த ஊரில் 52 வயதில் செத்தவர் ஒருவர்கூட இல்லை! 1971ல் நம் மாநிலத்தில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதைக்கூடத் தாண்டவில்லை. 2020ல் அது 13 ஆகிவிட்டது. ஆயுள் கூடியதில் ஒரு முக்கியமான பங்கு இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் இருக்கிறது.

ஓய்வூதியத்துக்கும் பாஸ்போர்ட்டுக்கும் பிறப்புச் சான்று கேட்டு வருகிறவர்களுக்காகத் தாலுகா அலுவலகத்துப் பதிவறையில் பழைய ஏடுகளைப் புரட்டியிருக்கிறேன். எங்கள் பதவி வருமுன் இந்த வேலையைப் பார்த்த கிராம முன்சீப் காலத்து ஏடுகள். தொட்டால் ஓரம் உதிரும். பிறப்புப் பக்கத்தில் பெயர் இருக்காது, "ஆண்" அல்லது "பெண்", அப்பா பெயர், அவ்வளவுதான். சில பக்கம் தள்ளி இறப்பில் அதே அப்பா பெயர் வரும். வயது என்ற இடத்தில் "9 நாள்", "4 மாதம்". காரணம் என்ற இடத்தில் மாந்தம், சீதபேதி, இழுப்பு. ஒன்பது நாள், பத்து நாளில் வரும் அந்த இழுப்பு வேறொன்றுமில்லை, கதிரரிவாளால் தொப்புள்கொடி அறுத்ததில் வந்த ரணஜன்னிதான் (டெட்டனஸ்). கர்ப்பிணிக்கு ஊசி போட்டு, சுத்தமான பிளேடால் கொடி அறுக்கத் தொடங்கியதும் அந்த வார்த்தை ஏட்டிலிருந்து போய்விட்டது. நான் வேலையில் இருந்த காலம் முழுவதும் அதை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

ஏடு வேண்டாம் என்றால் வாக்காளர் பட்டியலைப் பாருங்கள். முன்பிறந்தது தக்கவில்லை என்றால் அடுத்த பிள்ளையைச் சொளகில் போட்டுக் குப்பைமேட்டில் உருட்டி, பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, தவிட்டை விலையாகக் கொடுத்துத் திரும்ப வாங்குவார்கள். எமன் ஏமாந்து போவான் என்று ஒரு நம்பிக்கை. அப்படி வாங்கிய பிள்ளைகளுக்குத்தான் பிச்சையா, பிச்சம்மாள், குப்பம்மாள் என்று பெயர். எங்கள் ஊர்ப் பட்டியலில் அந்தப் பெயர்கள் எல்லாம் அறுபதுக்கு மேல்தான். நாற்பதுக்குக் கீழே ஒன்றுகூட இல்லை. எங்கள் அம்மாவும் எட்டுப் பெற்றாள், ஐந்துதான் தக்கினோம். அந்த 91 வயது ஆச்சியின் பேரனிடம் எனக்கு ஒரே கேள்விதான்: ஆச்சி எத்தனை பெற்று எத்தனை தக்கியது? கம்பங்கூழ் பிழைத்தவர்களுக்கு நல்லதாக இருந்திருக்கலாம். பிழைக்காதவர்களைக் கேட்க முடியாதே.

செங்கோட்டையைத் தாண்டிப் புளியரையையும் கடந்தால் கேரளா. அதே 1970-75ல் அங்கே சராசரி ஆயுள் 62. மலைக்கு அந்தப்பக்கம் பிறந்தால் பன்னிரண்டு வருஷம் கூடுதல்! நடுவில் இருப்பது ஒரே மலைதான். அங்கே பெண்கள் முன்பே படித்துவிட்டார்கள், ஆஸ்பத்திரி நடக்கும் தூரத்தில் இருந்தது. 2014-18ல் அவர்களுக்கு 75.3, நமக்கு 72.1. இடைவெளி மூன்றாகச் சுருங்கியிருக்கிறது. 1982ல் விரிந்த சத்துணவு, அம்மைத்தடுப்பு, சர்க்கரையும் உப்பும் கலந்த கரைசல், இரவிலும் நர்சம்மா இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், 2008ல் வந்த 108 வண்டி என்று பலதும் சேர்ந்து செய்த வேலை இது. என்னைக் கேட்டால் டவுன் பஸ்ஸையும் சேர்ப்பேன். வலி எடுத்தவளை திருநெல்வேலி ஹைகிரவுண்டு பெரியாஸ்பத்திரி வரை கொண்டுபோக வழி இருந்தால்தானே மற்றதெல்லாம்?

பெண்கள் விஷயமும் சொல்ல வேண்டும். 1970-75ல் இந்திய அளவில் ஆணுக்கு 50.5, பெண்ணுக்கு 49. பிரசவத்தில் போனவர்களும் அதில் உண்டு. 2010-14ல் தமிழ்நாட்டில் ஆணுக்கு 68.6, பெண்ணுக்கு 72.7. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்த நாலு வருஷ வித்தியாசத்தின் மறுபக்கத்தை நான் ஆபீசில் உட்கார்ந்து பார்த்தேன். கடைசிப் பத்து வருஷம் நான் விசாரணை செய்த வாரிசுச் சான்றுகளில் பாதிக்கு மேல் 45, 50 வயதில் செத்துப்போன ஆம்பிளைகளுடையது. மாரடைப்பு, கவனிக்காத சர்க்கரை, கிட்னி, நாலுவழிச் சாலையில் டூவீலர், அப்புறம் சொல்லவே வேண்டாம், குடி. மனுவைக் கொண்டுவருவது பீடி சுற்றி விரல் தேய்ந்த மனைவி. கையெழுத்துப் போடும்போது இலைத்தூள் மணக்கும்.

எங்கள் தெருவில் பிச்சையா அண்ணாச்சி இருக்கிறார், வயது 74. மூன்று பிள்ளைகள் தக்காமல் போன வீட்டில் நாலாவதாகப் பிறந்து, தவிட்டுக்கு வாங்கப்பட்டவர். ரத்தக் கொதிப்பு மாத்திரை மாதாமாதம் வீட்டுக்கே வந்துவிடுகிறது, மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டத்தின் புண்ணியத்தில். அவருடைய மகன் 47 வயதில் போய்விட்டான். அந்த இறப்பைப் பதிந்தது நான்தான். தகவல் சொன்னவர் என்ற இடத்தில் அண்ணாச்சி கையெழுத்து.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். இனி சராசரி ஆயுள் பற்றி எழுதும்போது பிறந்த குழந்தைக்கான ஒற்றை எண்ணோடு நிறுத்திவிடாதீர்கள். 40 வயது ஆணுக்கு இன்னும் எத்தனை வருஷம், பெண்ணுக்கு எத்தனை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். அதே ஆயுள் அட்டவணையில்தான் அதுவும் இருக்கிறது. மாதிரிப் பதிவுத் திட்டத்தின் ஆயுள் கணக்கு மாநிலத்தோடு நின்றுவிடுகிறது, திருநெல்வேலிக்கு என்று தனி எண் கிடையாது. ஒவ்வொரு ஊர்ப் பதிவேட்டிலும் இறந்தவர் வயது இருக்கிறது. அதைக் கூட்டிப் பார்க்கச் சொல்லி மாவட்ட நிர்வாகத்துக்குத் தங்கள் இதழ் ஒரு வார்த்தை எழுதினால் நன்றாக இருக்கும். கூட்டுவதற்கு ஆள் இல்லை என்றால், ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்கள் சும்மாதான் இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர் ஒருவர்,
வீரவநல்லூர்.